200 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் ஆபீஸ் வைஃபை போன்ல குரல் ஏன் வெட்டுது

வைஃபை ஹேண்ட்செட் வாங்கிப் போட்ட ஆபீஸ் எதுல கேட்டாலும் புகார் ஒண்ணேதான். பேசிட்டு இருக்கும்போதே குரல் வெட்டுது, நடந்து போனா கட் ஆகுது, சில சமயம் அவங்க பேசுறது எனக்குக் கேக்குது ஆனா நான் பேசுறது அவங்களுக்குப் போகல. மேல இருக்கறவங்க எடுக்கிற முடிவும் அநேகமா ஒண்ணேதான், நெட் லைன் ஸ்பீட ஏத்து. 100 எம்பிபிஎஸ் 200 ஆகும், 200 ஐநூறு ஆகும், மாசாமாசம் பில் ஏறும், குரல் மட்டும் பழையபடி வெட்டிட்டே இருக்கும்.

ஏன்னா ஒரு போன் காலுக்குத் தேவைப்படுற ஸ்பீடு ரொம்ப ரொம்பக் கம்மி. சாதாரணமா ஆபீஸ் போன்ல ஓடுற ஜி.711 கோடெக் (குரல டிஜிட்டலா மாத்துற முறை) எடுத்துக்குவோம், அது குரல 64 கேபிபிஎஸ்-ல அனுப்புது. 20 மில்லி செகண்டுக்கு ஒரு துண்டா வெட்டி, துண்டுக்கு 160 பைட், அது மேல கவர்ல எழுதுற விலாசம் மாதிரி ஐபி, யூடிபி, ஆர்டிபி ஹெட்டர் எல்லாம் சேத்து 40 பைட், ஆக 200 பைட் பாக்கெட். செகண்டுக்கு 50 பாக்கெட் போகணும், 50 பாக்கெட் வரணும். போறதுக்கு 80 கேபிபிஎஸ், வர்றதுக்கு 80, மொத்தம் 160. இருபது பேர் ஒரே நேரத்துல பேசினாக்கூட 3.2 எம்பிபிஎஸ்தான் ஆகுது. ஒரு ஆள் யூட்யூப்ல நல்ல குவாலிட்டில வீடியோ பாத்தா இதவிட அதிகம் இழுக்கும்.

அப்போ எங்க இடிக்குது? காத்துல. ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் (வைஃபை குடுக்கிற பெட்டி) போனுக்கும் நடுவுல இருக்கிற அந்த சில மீட்டர்லதான் எல்லாமே நடக்குது.

வயர்ல ஒவ்வொரு போனுக்கும் தனி கேபிள், ஸ்விட்ச்ல தனி போர்ட், போறதும் வர்றதும் ஒரே நேரத்துல நடக்கும். வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், ஆக்சஸ் பாயிண்ட்டும் அதுல ஒரு ஆள்தான், அதுக்குன்னு தனி உரிமையெல்லாம் பெருசா கிடையாது. பட்டிமன்றத்துல எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு மைக் வச்சா எப்படியோ அப்படி. ரெண்டு வார்த்தை சொல்லணும்னாலும் மைக் கைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், வாங்கி, தட்டிப் பாத்து, பேசிட்டு, திருப்பிக் குடுக்கணும். இதுல பேசுற நேரத்தவிட மைக் கைமாறுற நேரம்தான் ஜாஸ்தி.

பழைய வைஃபை தரம் 802.11பி-ய வச்சு கணக்கு போட்டா இது பளிச்னு தெரியும். ஒரு போன் ஒரு பாக்கெட் அனுப்பணும்னா, முதல்ல சேனல் சும்மா இருக்கான்னு 50 மைக்ரோ செகண்ட் பாக்கணும். அப்புறம் குலுக்கல் முறையில ஒரு எண் எடுத்து அத்தனை ஸ்லாட் (குட்டி நேரத் துண்டு) காத்திருக்கணும், சராசரியா அது ஒரு 310 மைக்ரோ செகண்ட். அப்புறம் "நான் அனுப்பப் போறேன்"னு ரேடியோவ தயார் பண்ற முன்னோட்ட பிட்கள், அதுக்கு 192 மைக்ரோ செகண்ட். அதுக்கப்புறம்தான் பாக்கெட், 11 எம்பிபிஎஸ்-ல அது வெறும் 172 மைக்ரோ செகண்ட்ல முடிஞ்சிடும். பின்னாடி 10 மைக்ரோ செகண்ட் இடைவெளி, அந்தப் பக்கம் இருந்து "வந்துச்சு"னு ஒரு ஒப்புகை, அதுக்கு ஒரு 248. கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 980. இதுல உண்மையான குரல் இருக்கிற 160 பைட்டுக்கு ஆன நேரம் சுமார் 116 மைக்ரோ செகண்ட்தான், மிச்சமெல்லாம் சடங்கு.

ஒரு காலுக்கு 20 மில்லி செகண்டுக்குள்ள போக ஒண்ணு வர ஒண்ணுன்னு ரெண்டு பாக்கெட், அதுக்கு சுமார் 2 மில்லி செகண்ட் காத்து நேரம். அப்போ 20-ல எத்தனை 2 இருக்கு? பத்து. அவ்வளவுதான். 11 எம்பிபிஎஸ்-ஐ 160 கேபிபிஎஸ்-ஆல வகுத்துப் பாத்தா 68 கால் வரணும், ஆனா காத்து பத்துக்கே நிரம்பிடுது. அதுவும் யாரும் மெயில் பாக்காம, யாரும் மோதிக்காம இருந்தா. அதனாலதான் சிஸ்கோ தன்னோட 7920 வைஃபை போனுக்கு வச்ச டிசைன் கணக்குல ஒரு ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு ஜி.711-னா 7 கால்னு நிறுத்திக்கிட்டாங்க. இதுல ரசிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, ஜி.711-ல எட்டுல ஒரு பங்கு பிட் மட்டுமே செலவு பண்ற ஜி.729 கோடெக்குக்கு அவங்க சொன்ன எண்ணிக்கை 8. குரல எட்டு மடங்கு சுருக்கியும் கூடக் கிடைச்சது ஒரே ஒரு கால். சுருங்கினது அந்த 116 மட்டும்தானே, சடங்கு சுருங்கலயே.

இப்போ ஒருத்தர் ஆக்சஸ் பாயிண்ட்ட விட்டு ரொம்ப தள்ளி, படிக்கட்டு ஓரமா நின்னு பேசுறார்னு வைங்க. சிக்னல் கம்மியாச்சுன்னா போன் ஸ்பீட இறக்கிக்கும். 1 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிட்டா அதே பாக்கெட்டுக்கு 2.7 மில்லி செகண்டுக்கு மேல ஆகும். அவரோட ஒரு கால் 20 மில்லி செகண்ட்ல அஞ்சரைய முழுங்கிடும், நாலுல ஒரு பங்குக்கு மேல. தொல்லை அவருக்கு மட்டும் இல்ல, ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு நேர் கீழ உக்காந்து ஃபுல் சிக்னல்ல பேசுறவருக்கும் சேத்துதான் குரல் வெட்டும், அவருக்கு ஏன்னே புரியாது. அதனாலதான் வாய்ஸ் ஓடுற நெட்ஒர்க்ல 1, 2, 5.5 மாதிரி பழைய ஸ்பீடெல்லாம் ஆஃப் பண்ணி, 12 எம்பிபிஎஸ் கீழ யாரும் பேசக்கூடாதுன்னு வைக்கிறாங்க. கவரேஜ் குறையுமேன்னு பயப்படுவாங்க, குறையட்டும், தூரத்துல இருக்கிற போன் இந்த ஆக்சஸ் பாயிண்ட்டையே கட்டிப்பிடிச்சிட்டு இருக்காம பக்கத்துல இருக்கிறதுக்கு தாவட்டும், அதுதான் வேணும்.

சிக்னல் வீக்குன்னு இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வாங்கி மாட்டுறதும் சகஜமா நடக்குது. ரெண்டும் ஒரே சேனல்ல இருந்து ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குக் கேட்டுச்சுன்னா கையில ரெண்டு பெட்டி இருக்கலாம், காத்து என்னவோ ஒண்ணுதான், மாத்தி மாத்தித்தான் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11-னு மூணே மூணுதான், அதுலயே புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் பக்கத்து கம்பெனி வைஃபையும் இருக்கு. வாய்ஸ்னா 5 கிகாஹெர்ட்ஸ்தான்னு கண்ண மூடிட்டு சொல்லலாம்.

சரி, மெயிலும் டவுன்லோடும் ஓடுற அதே காத்துல குரலுக்கு மட்டும் முன்னுரிமை குடுக்க வழி இல்லையா? இருக்கு. 2005-ல வந்த 802.11இ தரம் அதுக்குத்தான், அதுல இருந்து எடுத்து வைஃபை அலையன்ஸ் குடுத்த சான்றிதழ் பேரு டபிள்யூஎம்எம். வாய்ஸ், வீடியோ, சாதாரண டேட்டா, பின்னணி வேலைன்னு நாலு வரிசை. எல்லாருக்கும் குலுக்கல் உண்டு, ஆனா குலுக்கல்ல பாரபட்சம் உண்டு. டேட்டா பாக்கெட்டு 3 ஸ்லாட் காத்திருந்து அப்புறம் 0-ல இருந்து 15-க்குள்ள ஒரு எண் எடுக்கணும். வாய்ஸ் பாக்கெட் 2 ஸ்லாட் காத்திருந்து 0-ல இருந்து 3-க்குள்ள எடுத்தா போதும். பெரும்பாலும் வாய்ஸ்தான் முந்தும். பழைய போன் ஏதோ ஒத்துழைக்கலன்னு யாராவது டபிள்யூஎம்எம்ம ஆஃப் பண்ணி வச்சிருந்தா வாய்ஸ் மட்டும் இல்ல, பின்னாடி வந்த வைஃபை தரம் 802.11என்-னோட ஸ்பீடே கிடைக்காது, 54-க்கு மேல ஏறாது, ஏன்னா அந்த வேகத்துக்கு இது கட்டாயம்.

இங்கதான் நிறைய ஆபீஸ்ல சத்தமில்லாம ஒரு கோளாறு ஒளிஞ்சிருக்கு. வயர் பக்கம் குரல் பாக்கெட்டுக்கு போடுற முன்னுரிமை முத்திரைக்கு டிஎஸ்சிபி-னு பேரு, குரலுக்கு அது 46. வைஃபை பக்கம் முத்திரை 0-ல இருந்து 7 வரைக்கும், அதுல 6-ம் 7-ம் வாய்ஸ் வரிசை, 4-ம் 5-ம் வீடியோ வரிசை. பல பெட்டிங்க 46-ஐ பைனரில எழுதி, அதாவது 101110, முதல் மூணு பிட்ட மட்டும் எடுத்துக்கும். 101-னா எத்தனை? 5. போச்சா, குரல் நேரா வீடியோ வரிசையில போய் நிக்குது, வீடியோ மீட்டிங் ஓடுற ஆபீஸ்ல அதோட அடிச்சிக்கிட்டு. எல்லா கான்ஃபிகும் சரியா இருக்கும், 46 சரியா இருக்கும், ஆனா காத்துல மட்டும் தப்பான வரிசை. இத சரியா எப்படி மாத்தணும்னு சொல்றதுக்குன்னே 2018-ல ஆர்எஃப்சி 8325-னு ஒரு இன்டர்நெட் தர ஆவணம் வந்துச்சு, 46 வந்தா 6-ல போடுன்னு. செக் பண்றது ஈசி, காத்துல பாக்கெட்ட பிடிச்சுப் பாத்து ஆக்சஸ் பாயிண்ட்ல இருந்து போனுக்கு வர்ற குரல் பாக்கெட்ல என்ன எண் இருக்குன்னு பாத்தா போதும், 5 இருந்தா இதுதான். 0 இருந்தா வேற கதை, நடுவுல ஏதோ ஒரு ஸ்விட்ச் போர்ட் முத்திரைய நம்பாம அழிச்சிருக்கு.

முன்னுரிமை எல்லாம் சரியா போட்டாச்சு, அப்பவும் ஒரு விஷயம் தீராது. முன்னுரிமை டேட்டாவ பின்னாடி தள்ளும், குரலும் குரலும் மோதிக்கிட்டா அது என்ன பண்ணும்? வாய்ஸ் வரிசைக்கு குலுக்கல்ல 0, 1, 2, 3-னு நாலே எண்தான். பத்து போன் ஒரே இடத்துல பேசினா ரெண்டு பேருக்கு ஒரே எண் விழுறது அடிக்கடி நடக்கும், ரெண்டு பாக்கெட்டும் காத்துல மோதி வீணாகும், திரும்ப அனுப்பணும், அதுக்கும் காத்து நேரம் வேணும். இடம் நிரம்புற வரைக்கும் எல்லாருக்கும் அருமையா இருக்கும், நிரம்பினதுக்கு அப்புறம் வர்ற ஒரே ஒரு கால், ஏற்கனவே பேசிட்டு இருக்கிற எல்லாரையும் சேத்துக் கெடுக்கும். பழைய போன் எக்ஸ்சேஞ்ச்ல இந்த நிலைமையே கிடையாது, ட்ரங்க் லைன் காலி இல்லன்னா எங்கேஜ்டு டோன் கேக்கும், பேசிட்டு இருக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஐபி உலகம் அந்த "இடமில்ல" சொல்ற குணத்த தொலைச்சிடுச்சு, அத திருப்பிக் கொண்டு வர்றதுதான் கால் மேனேஜ்மெண்ட்டோட மையமான வேலைன்னு நான் நினைக்கிறேன். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

802.11இ வர்றதுக்கு முன்னாடியே இத புரிஞ்சுக்கிட்டவங்க இருந்தாங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் போல்டர் ஊர்ல இருந்த ஸ்பெக்ட்ராலிங்க் கம்பெனி, ஆஸ்பத்திரிக்கும் குடோனுக்கும் வயர்லெஸ் போன் செஞ்சவங்க. அவங்க எஸ்விபி-னு சொந்தமா ஒரு முறை வச்சிருந்தாங்க. ஆக்சஸ் பாயிண்ட் குரல் பாக்கெட்டுக்கு மட்டும் குலுக்கல் காத்திருப்பே இல்லாம அனுப்பணும், அது பாதி. மீதி பாதி, நெட்ஒர்க்ல எஸ்விபி சர்வர்னு தனியா ஒரு பெட்டி, ஒரு ஆக்சஸ் பாயிண்ட்டுல எத்தனை கால் ஓடலாம்னு அதுல எண்ணிக்கை போட்டு வைக்கணும், அதுக்கு மேல விடாது. 2007-ல அந்தக் கம்பெனிய பாலிகாம் வாங்கிச்சு.

தரம் வந்தப்புறம் அதே வேலை ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் போனுக்கும் நடுவுல நேராவே நடக்குது. நம்பர் அடிச்சதும் போன், எனக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட், இத்தனை பைட், இந்த ஸ்பீடுல பேசுவேன், இவ்வளவு காத்து நேரம் வேணும்னு ஒரு விண்ணப்பம் போடும், டிஸ்பெக்-னு பேரு. ஆக்சஸ் பாயிண்ட் கையில இருக்கிறத பாத்து சரின்னோ முடியாதுன்னோ சொல்லும். ஆக்சஸ் பாயிண்ட்டுகள மேய்க்கிற சிஸ்கோ கன்ட்ரோலர்ல டீஃபால்ட்டா குரலுக்கு மொத்த காத்து நேரத்துல 75 சதவீதம் வரைக்கும் விடுறாங்க, அதுல 6 சதவீதத்த ஒதுக்கி வைக்கிறாங்க. அந்த 6 யாருக்குன்னா, பேசிட்டே நடந்து பக்கத்து ஆக்சஸ் பாயிண்ட்ல இருந்து இங்க வர்றவருக்கு. புதுசா நம்பர் அடிக்கிறவருக்கு அது கிடையாது. நியாயமான ஏற்பாடு, கால் போகலன்னா மறுபடி அடிச்சுக்கலாம், பாதி பேச்சுல அறுந்தாதான் கோவம் வரும்.

எண்ணுறதுலயும் ரெண்டு விதம் இருக்கு. நிலையான கணக்கு, தான் அனுமதிச்ச கால மட்டும் கூட்டிப் பாக்கும். லோடு பாக்குற கணக்கு, காத்துல உண்மையிலேயே என்ன நடக்குதுன்னு பாக்கும், அதே சேனல்ல பக்கத்துல இருக்கிற ஆக்சஸ் பாயிண்ட் சாப்பிடுற நேரத்தையும் சேத்து. நாலு மாடி ஆபீஸ்ல மேல கீழ சேனல் கசியாம இருக்கவே இருக்காது, அங்க நிலையான கணக்கு வச்சா ஏமாத்தும், ரெண்டாவதுதான் சரி.

இதெல்லாம் பண்ணி "நெட்ஒர்க் பிஸி"னு ஸ்க்ரீன்ல வந்ததும் முதல் வேலையா புகார் வரும், நேத்து வரைக்கும் கால் போச்சே இன்னைக்கு போகலயேன்னு. உடனே அட்மின் கால எண்ணி நிறுத்துற அந்த செக்பாக்ஸ எடுத்துவிட்டுடுவார். எண்ணிக்கை முட்டுதுன்னா அந்த ஏரியாவுக்கு வேற சேனல்ல இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வேணும்னு அர்த்தம், அந்த மெசேஜ் அதத்தான் சொல்லுது.

அடுத்து, பேசிட்டே நடந்து போறது. லேப்டாப் நடக்காது, போன் நடக்கும். ஒரு ஆக்சஸ் பாயிண்ட்ட விட்டு இன்னொண்ணுக்கு எப்போ தாவணும்னு முடிவெடுக்கிறது போன்தான், நெட்ஒர்க் இல்ல, நெட்ஒர்க் வேணா 802.11கே, 11வி வழியா பக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு லிஸ்ட் குடுத்து யோசனை சொல்லலாம். அதனால போன் தாவ நினைக்கிற நேரத்துல அடுத்தது நல்லா கேக்கிற மாதிரி இருக்கணும், பொதுவா ஓரத்துல சிக்னல் அளவு -67 டிபிஎம், ரேடியோ இரைச்சலவிட சிக்னல் 25 டிபி மேல, ரெண்டு ஆக்சஸ் பாயிண்ட்டோட வட்டமும் 20 சதவீதம் வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கணும்னு வைப்பாங்க. நீளமான வராந்தாவுல இது ஈசி. ஃபயர் டோர தள்ளிட்டு படிக்கட்டுக்குள்ள போற அந்த ரெண்டு எட்டுலதான் பிரச்சனை, கதவு பின்னாடி மூடினதும் சிக்னல் சட்டுன்னு விழும், போன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பழைய ஆக்சஸ் பாயிண்ட் கேக்காம போயிடும். லிஃப்ட் பத்தி சொல்லவே வேணாம்.

தாவுறதுக்கு ஆகுற நேரம் தனிக் கதை. ஆபீஸ் வைஃபைல யூசர்நேம் பாஸ்வேர்டோ சர்டிஃபிகேட்டோ வச்சு 802.1எக்ஸ்-ங்கிற முறையில உள்ள விடுறாங்கன்னா, ஒவ்வொரு தடவ தாவும்போதும் போன், ஆள சரிபாக்குற ரேடியஸ் சர்வர் வரைக்கும் பல தடவை போயிட்டு வரணும். அந்த சர்வர் வேற ஊர் டேட்டா சென்டர்ல இருந்தா ஒரு செகண்ட் சர்வ சாதாரணமா போயிடும், ஒரு செகண்ட்னா 50 பாக்கெட். ஒரு வழிக்கு 150 மில்லி செகண்டுக்குள்ள குரல் போய்ச் சேரணும்னு சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வோட ஜி.114 பரிந்துரை சொல்லுது, அதுக்கு முன்னாடி இது எங்க? 2008-ல வந்த 802.11ஆர் இதுக்கான தீர்வு, ஒரு தடவ சர்வர் கிட்ட போய் வந்தா போதும், சாவி பக்கத்து ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு முன்னாடியே போயிடும், தாவும்போது நாலு மெசேஜோட முடிஞ்சிடும். ஆனா இத ஆன் பண்ணினா சில பழைய ஹேண்ட்செட் அந்த வைஃபை பேரையே புரிஞ்சுக்காம கனெக்ட் ஆகாது, அதனால குரலுக்கு தனி வைஃபை பேர் (எஸ்எஸ்ஐடி) வச்சு அதுல மட்டும் போடுறவங்க உண்டு.

5 கிகாஹெர்ட்ஸ்ல ரேடாருக்கு வழி விட வேண்டிய சேனல்களும் தாவுறத மெதுவாக்கும். அந்த சேனல்ல போன் தானா "யாராவது இருக்கீங்களா"னு கத்தக் கூடாது, ஆக்சஸ் பாயிண்ட் பீக்கன் விடுற வரைக்கும் சும்மா காது குடுத்துக் கேக்கணும், பீக்கன் 102.4 மில்லி செகண்டுக்கு ஒண்ணுதான். நிறைய சேனல் அப்படி இருந்தா தேடுறதுலயே நேரம் போகும். ஏர்போர்ட், துறைமுகம் பக்கத்துல இருக்கிற ஆபீஸ்னா குரலுக்கு அந்த சேனல தவிர்க்கிறது உத்தமம்.

ஒரு பக்கம் மட்டும் கேக்குற புகாருக்கு பாதி காரணம் பவர். ஆக்சஸ் பாயிண்ட்ட ஃபுல் பவர்ல வச்சா போன்ல நாலு கட்டையும் நிக்கும், ஆனா போனோட சின்ன ரேடியோவும் சின்ன பேட்டரியும் அதே தூரத்துக்கு திருப்பி அனுப்பாது. போனோட பவருக்கு ஆக்சஸ் பாயிண்ட்ட இறக்கி வச்சா கட்டை குறையும், பேச்சு வெட்டாம நிலைச்சு நிக்கும். மீதி பாதி காரணம் ஃபயர்வால்ல இருக்கும், அது வைஃபை சமாச்சாரமே இல்ல.

பேட்டரிக்கு ஒரு வரி. பேச்சு நடுவுலயும் 20 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ போன் தன் பாக்கெட்ட அனுப்பிட்டு, அந்த சாக்குல தனக்கு வந்தத வாங்கிட்டு உடனே தூங்கப் போயிடும், யூ-ஏபிஎஸ்டி-னு இதுக்கு பேரு, இது ஆன்ல இல்லன்னா சாயங்காலத்துக்குள்ள சார்ஜர தேட வேண்டி வரும்.

இதுவரைக்கும் சொன்னது கம்பெனி வாங்கிக் குடுத்த ஹேண்ட்செட்டுக்கு. இப்போ நிறைய ஆபீஸ்ல அதுவே இல்ல, அவங்கவங்க சொந்த மொபைல்தான். ஏர்டெல் 2019 டிசம்பர்லயும் ஜியோ 2020 ஜனவரிலயும் வைஃபை காலிங் குடுக்க ஆரம்பிச்சப்புறம், பேஸ்மெண்ட்ல டவர் இல்லன்னா போன் தானாவே ஆபீஸ் வைஃபை வழியா பேச ஆரம்பிச்சிடுது. அந்தக் கால் போன்ல இருந்து ஆபரேட்டர் வரைக்கும் ஐபிசெக்-ங்கிற பூட்டின டனலுக்குள்ள போகுது, ஃபயர்வால்ல யூடிபி 500-ம் 4500-ம் திறந்திருக்கணும், இல்லன்னா ஃபுல் வைஃபை காட்டும் கால் மட்டும் போகாது. டனலுக்குள்ள குரல் இருக்குன்னு ஆபீஸ் நெட்ஒர்க்குக்கு தெரியவே தெரியாது. வாட்ஸ்அப் கால், டீம்ஸ் கால் கதையும் இதேதான். டிஸ்பெக் விண்ணப்பம் போடாத போனுக்காக கன்ட்ரோலர், கால் ஆரம்பிக்கிறதச் சொல்ற எஸ்ஐபி சிக்னல 5060 போர்ட்ல ஒட்டுக்கேட்டு எண்ணுற வசதி உண்டு, அதுவும் இங்க செல்லாது, எல்லாமே பூட்டி வருது. இன்டர்நெட் தாண்டி உள்ள வர்ற பாக்கெட்டுல டிஎஸ்சிபி முத்திரை பெரும்பாலும் 0-ஆ துடைச்சுப் போயிருக்கும், அதனால ஆக்சஸ் பாயிண்ட்ல இருந்து போனுக்கு வர்ற பாதி, டவுன்லோடோட சேந்து சாதாரண வரிசையிலதான் நிக்கும். செய்யக்கூடியது, 4500 போர்ட்ல உள்ள வர்றத ஃபயர்வால்லயே பிடிச்சு 46 முத்திரை குத்தி அனுப்புறது. இதுல ஒரு சங்கடம், அதே போர்ட்ல யாரோ ஒருத்தரோட விபிஎன் டவுன்லோடும் வாய்ஸ் வரிசையில ஏறிக்கலாம், அதனால வெளிய இருந்து மொபைல் ஆபரேட்டரோட ஐபி ரேஞ்ச்ல இருந்து வர்றதுக்கு மட்டும்னு ரூல் எழுதினா நல்லது.

வைஃபை 6 வந்து இதுல எதையாவது மாத்திச்சான்னா, கொஞ்சம் மாத்திச்சு. ஓஎஃப்டிஎம்ஏ-னு ஒண்ணு வந்திருக்கு, ஒரே நேரத்துல ஒரு சேனல பல துண்டாப் பிரிச்சு பல போனுக்கு சின்னச் சின்ன பாக்கெட்டா அனுப்பலாம், வாங்கலாம், யாரு எப்போன்னு ஆக்சஸ் பாயிண்ட் முடிவு பண்ணும், குலுக்கல் சண்டை குறையும். 200 பைட்டுக்காக மொத்த காத்தையும் பிடிச்சு வைக்கிற வீண் செலவுக்கு நேரான மருந்து இதுதான். ஆனா ஆக்சஸ் பாயிண்ட்ட மட்டும் மாத்தினா போதாது, போனும் வைஃபை 6-ஆ இருக்கணும். ஸ்டோர் ரூம்லயும் ரிசப்ஷன்லயும் இருக்கிற பழைய ஹேண்ட்செட் அதே சேனல்ல தன் பழைய சடங்கோடதான் பேசும், அது பேசி முடிக்கிற வரைக்கும் புதுசும் காத்திருக்கணும்.